ரொம்பவும் கனகசபை

காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டுக் கமலவேணி முகத்தைச் சுளித்தாள்.

"ரொம்ப பஸ் ஸ்டாண்டா இருக்கு."

"நேத்து போட்டது ஞாயித்துக்கிழமையா இருந்துச்சே," என்றார் கனகசபை. இரண்டு நாளும் காப்பி போட்டவர் அவர்தான்.

"நேத்து டிகாக்‌ஷன் ஞாயித்துக்கிழமை. பால் அப்பவும் பஸ் ஸ்டாண்டுதான். நான்தான் வாயை மூடிக்கிட்டுக் குடிச்சேன்."

இத்தனைக்கும் அந்த ஊரில் அநேகமாக யாரும் பஸ் ஸ்டாண்டைக் கண்ணால் பார்த்ததில்லை. ஊரின் பெயர் உறைபுரம். வியாழனைச் சுற்றும் கேலிஸ்டோ என்ற நிலாவில், பனிப்பாறைக்கு அடியில் குடைந்து கட்டிய ஊர். பஸ் கிடையாது, அது நிற்க ஸ்டாண்டும் கிடையாது. ஆனால் அங்கே பிறந்த குழந்தைக்குக்கூட பஸ் ஸ்டாண்டுக் காப்பி எப்படி இருக்கும் என்று நாக்கில் தெரியும். காரணம் உட்செவி.

முதலில் குடியேறியவர்கள் காற்றுக் கவசத்துக்குள் இருந்துகொண்டே வேலை செய்தார்கள். மூச்சுக்கு அளவு உண்டு. 'ஆறிப்போய், தண்ணியாக, ஏலம் விட்ட சிக்கரி மாதிரி' என்றெல்லாம் இழுத்துப் பேசினால் பேச்சு முடிவதற்குள் ஆள் முடிந்துவிடுவார். ஆகவே காதுக்குப் பின்னால் அரிசி மணி அளவில் ஒரு கருவியைப் பதித்தார்கள். சொல்பவர் ஒரு பொருளின் பெயரைச் சொன்னால் போதும். கேட்பவரின் உட்செவி அந்தப் பொருளின் ருசி, வாடை, எரிச்சல், அலுப்பு எல்லாவற்றையும் மூளைக்குள் இறக்கிவிடும். இரண்டு தலைமுறைக்குள் நல்ல, கெட்ட, அழகான, அசிங்கமான என்ற சொற்கள் எல்லாம் உறைபுரத்தில் செத்துப்போயின. அழுவதற்குக்கூட ஆள் இல்லை.

சிரிக்காதீர்கள். ஆரம்பித்து வைத்தது நாம்தான். படம் செம மாஸ், டூர் ரொம்ப ஃபன், சட்டை கிளாஸா இருக்கு, ஆபீஸ் ஒரே டிராமாவா இருக்கு என்று ஆங்கிலத்தில் கையில் கிடைத்த பெயர்ச்சொல்லை எல்லாம் கண்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு திரிந்தவர்கள் நாம். அவர்கள் அதற்கு ஒரு கருவி செய்துகொண்டார்கள், அவ்வளவுதான்.

பொருள்களின் பெயர் தீர்ந்ததும் ஆட்களின் பெயருக்கு வந்தார்கள். விண்கவசத்தைக் கல்யாணச் சட்டை போல மடித்துவைப்பார் ருக்மாங்கதன் என்று ஒருவர். இன்றைக்கும் உறைபுரத்தில் நேர்த்தியான எதுவும் ருக்மாங்கதன்தான். தோசை ருக்மாங்கதனாக வந்தது என்பார்கள். அவருடைய பேரன் பேத்திகள் அந்தப் பெருமையிலேயே ஒரு வேலையும் செய்யாமல் காலம் தள்ளுகிறார்கள். ஒருவர் பெயர் சொல்லாக மாறுவது அங்கே சிலை வைப்பதற்குச் சமம்.

கனகசபையின் பெயரும் சொல்லாக மாறியிருந்தது. அதுதான் அவருடைய தலைவலி.

காற்றுக் கதவுகளைத் திறந்து மூடும் பிரிவில் கண்காணிப்பாளர் அவர். ஒரு கதவைக்கூட நேரம் தவறித் திறந்தவர் இல்லை. சில வருஷங்களுக்கு முன் ஊரின் முதல் தலைவர் காலமானார். துக்கத்துக்கு ஊரே போனது. நிகழ்ச்சியை எல்லா உட்செவிகளுக்கும் நேரடியாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கனகசபை மாலை போட்டார், கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். எழுந்தபோது வாய் தன்பாட்டுக்குத் திறந்துகொண்டது. தலைவரின் மனைவியைப் பார்த்துக் கைகூப்பி, "அப்ப போயிட்டு வரேம்மா," என்றார்.

பூமியைவிட்டு எத்தனை கோடி மைல் தள்ளிப் போனாலும் தமிழன் விடாத விஷயங்கள் சில உண்டு. சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு புறப்படக் கூடாது என்பது அதில் ஒன்று. சத்தம் காட்டாமல் எழுந்து போய்விட வேண்டும். 'வரேன்' என்ற சொல் வாயில் வரவே கூடாது. ஊர் மொத்தமும் அவர் சொன்னதைக் கேட்டது. அதோடு போயிருந்தால்கூட மறந்திருப்பார்கள். அடுத்த மாதமே தலைவரின் மாமியாரும் போய்ச் சேர்ந்தார். கனகசபை சொன்னபடியே மறுபடி அந்த வீட்டுக்கு மாலையோடு வந்தார்.

அன்றிலிருந்து, இடம் பொருள் ஏவல் தெரியாமல் நடக்கும் எதுவும் கனகசபை. குளித்து முடித்தபின் தண்ணீர் விடும் குழாய் கனகசபை. தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் விசிலடிக்கும் குக்கர் கனகசபை. பரீட்சை முடிந்தபின் ஞாபகம் வரும் விடை ரொம்பவும் கனகசபை. அவர் எதிரிலேயே சொல்வார்கள். சொன்னபின்தான் ஆள் இருப்பதைக் கவனிப்பார்கள். "உங்களைச் சொல்லல சார்," என்பார்கள். அது வேறு வயிற்றெரிச்சல்.

மாற்றப் பார்க்காமலும் இல்லை. வீரத்துக்குத் தன் பெயர் வரட்டும் என்று, நீர்த்தொட்டியில் முழுகிக் கிடந்த ஒருவரைச் சட்டையோடு குதித்து இழுத்துக் கரையில் போட்டார். அந்த ஆள் மூச்சடக்கும் போட்டியில் முதலிடத்தை நெருங்கிக்கொண்டிருந்தவர். கரையில் கிடந்தபடியே, "எவ்வளவு கனகசபையா வந்து தூக்குறீங்க," என்று அழுதார். அதற்கப்புறம் கனகசபை வீரத்தையும் விட்டுவிட்டார், 'போயிட்டு வரேன்' சொல்வதையும் விட்டுவிட்டார். எந்த வீட்டிலிருந்தும், வேலையிலிருந்தும், வாய் திறக்காமல்தான் எழுந்து போவார்.

இப்போது மகளுக்குக் கல்யாணம். யாழரசி தானே பார்த்துப் பிடித்த பையன், எழிலன். தங்கமான பையன். அவனுடைய அம்மா மரகதவல்லிதான் தாவரக்கூடத்தின் தலைவி. அவள் அதட்டினால் கீரைகூட முளைத்துவிடும் என்பார்கள். அவள் பத்திரிகை விஷயம் பேச வந்திருந்தாள். கனகசபை போட்ட பஸ் ஸ்டாண்டுக் காப்பியை மரியாதைக்காகக் கையில் வைத்திருந்தாள்.

"சம்பந்தி, தப்பா எடுத்துக்கக் கூடாது," என்று ஆரம்பித்தாள். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டிய எல்லாமே இப்படித்தான் ஆரம்பிக்கும். "தாலி கட்டுறப்ப ஓதுவார் 'கனகசபை மகள்'னு சத்தமாச் சொல்லுவார். சொன்ன உடனே அத்தனை பேர் உட்செவியிலயும் என்ன இறங்கும்? நேரங்கெட்ட நேரம்னு இறங்கும். முகூர்த்தத்துல இது ஆகுமா?"

"அதுக்கு நான் என்னங்க பண்றது? எங்க அப்பா வெச்ச பேரு."

"பேரோட அர்த்தத்தை எடுத்துட்டு வாங்க. முடியலைன்னா கமலவேணியோட அண்ணன் பேர்ல நடத்திரலாம். அவரே தாரை வார்த்துக் குடுக்கட்டும். நீங்க முன் வரிசையில உட்கார்ந்து பாருங்க, யாரு வேண்டாங்கிறா?"

மைத்துனர் கண்ணுச்சாமி அடுத்த அறையில் முறுக்கு தின்றுகொண்டிருந்தார். "எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல," என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

பெற்று, வளர்த்து, கவசம் போடச் சொல்லிக் கொடுத்து, கடைசியில் மகளின் கையைப் பிடித்துக் கொடுக்க முறுக்கு தின்கிறவரா? அன்று பகல் முழுக்கக் கனகசபை சாப்பிடவில்லை.

"அப்பா, எனக்கு உங்க பேர்தான் வேணும்," என்றாள் யாழரசி. "க. யாழரசின்னுதானே இத்தனை வருஷம் எழுதினேன். ஸ்கூல்ல சிரிச்சப்பவே நான் மாத்தல."

"ஸ்கூல்லயும் சிரிச்சாங்களா?"

"லேட்டா போனாக்கூட டீச்சர் திட்ட மாட்டாங்கப்பா. இனிஷியலைப் பார்த்துட்டு விட்டுருவாங்க."

இதைக் கேட்டபின் அவர் நேரே பண்புச்சொல் வாரியத்துக்குப் போனார். அங்கே அலுவலர் ஜெபராணி. எந்தச் சொல் எத்தனை வாயில் புழங்குகிறது என்று உட்செவிகள் அனுப்பும் செய்தியைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவருடைய வேலை. கல்நெஞ்சுக்காரர் இல்லை, சட்டத்தைத் தாண்டாதவர்.

"உங்க சொல்லு ஊர் முழுக்கப் புழங்குதுங்க," என்றார். "ருக்மாங்கதனுக்கு அடுத்து நீங்கதான். இதைப் போய் எடுக்கணுங்கிறீங்களே."

"மேடம், என் பொண்ணு கல்யாணம். என் பேரைச் சொல்லி என் பொண்ணைக் குடுக்கணும். எனக்கு வேற எதுவும் வேண்டாம்."

ஜெபராணி கொஞ்சம் இளகினார். "வழக்கொழிவுன்னு ஒரு விதி இருக்கு. ஒரு பகல் பொழுதுக்கு அந்தச் சொல்லோட அர்த்தத்தை எல்லா உட்செவியிலயும் நிறுத்தி வைப்போம். காலை மணியிலிருந்து மாலை மணி வரைக்கும் ஊர்ல ஒரு ஆள்கூட அந்த அர்த்தத்துல உங்க பேரைச் சொல்லக் கூடாது. சொல்லலைன்னா, இந்தச் சொல்லு ஊருக்குத் தேவையில்லைன்னு அடிச்சிருவோம். ஒரே ஒரு ஆள் சொன்னாலும் திரும்ப வந்துரும். வந்தா நிரந்தரம். அப்புறம் நீங்க இந்தப் படி ஏறவே கூடாது."

"கல்யாணத்தன்னைக்கே வெச்சுக்குங்க," என்றார் கனகசபை.

வீடு வீடாகப் போய்க் கேட்டுக்கொண்டார். ஊர் மக்கள் நல்லவர்கள். இத்தனை வருஷம் அந்தப் பெயரை வைத்து ஓட்டியதில் ஒரு நன்றியும் இருந்தது. "ஒரு நாள்தானே சார், நாக்கைக் கடிச்சுக்கறோம்," என்றார்கள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் சொல்லிக்கொள்ளாமலே எழுந்து வந்தார்.

கல்யாண நாள் வந்தது. ஊர்க் கூடத்தில் பச்சைப் பந்தல் போட்டு, தாவரக்கூடத்து வாழையையே கட்டியிருந்தார்கள். தாலி கட்டி முடிந்து பதினைந்து நிமிஷம் கழித்துத்தான் நாதஸ்வர இயந்திரத்துக்கு மின்சாரம் வந்து, கெட்டிமேளம் கொட்டியது. கூடத்தில் நூறு பேர் அந்தச் சொல்லைச் சொல்ல வாயைத் திறந்தார்கள், நூறு பேரும் மூடிக்கொண்டார்கள். ஒருவர் கையிலிருந்த வாழைப்பழத்தைத் தோலோடு கடித்தார். ஆனால் அதற்கு முன்பே ஓதுவார், "கனகசபை மகள் யாழரசி," என்று கணீரென்று சொல்லியிருந்தார். யாரும் சிரிக்கவில்லை. யார் முகத்திலும் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. வெறும் பெயராக, ஒரு மனிதனின் பெயராக, அது காற்றில் போனது. மகளின் கையைப் பிடித்துக் கொடுக்கும்போது கனகசபை வாய்விட்டு அழுதார். கண்ணுச்சாமிகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாலை மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான். விருந்தினர் வரிசையாக வந்து மணமக்களை வாழ்த்தினார்கள். மரகதவல்லி ஒலிபெருக்கியை யாரிடமும் கொடுக்காமல் தானே ஒவ்வொருவரையும் வரவேற்றாள். சம்பந்தி வீட்டுப் பெயர் சுத்தமாகிவிட்ட சந்தோஷத்தில் அவள் குரலே மாறியிருந்தது. வரிசையில் இந்திராணி அம்மாள் வந்தார். வேலூர்க்காரர். எழிலனின் அப்பாவுக்குப் பழைய சிநேகித குடும்பம். கடைசிக் கப்பலில் பூமியிலிருந்து வந்து இறங்கியவர். வயதாகிவிட்டதால் உட்செவி பொருத்திக்கொள்ளவில்லை.

"வாங்கக்கா, வாங்க," என்றாள் மரகதவல்லி, கூடம் முழுக்க எதிரொலிக்க. "என்ன தனியா வந்திருக்கீங்க? அண்ணன் எங்கே? பந்தியில போய் முதல் ஆளா உட்கார்ந்துட்டாரா? அவர் சாப்பாட்டு ராமனாச்சே."

இந்திராணி அம்மாள் மெதுவாகச் சொன்னார். "அவர் காலமாயிட்டார்மா. நீதானே இரங்கல் செய்தி அனுப்பிச்சே."

அதுவும் ஒலிபெருக்கியில் கேட்டது.

"ஆமால்ல," என்றாள் மரகதவல்லி. "சரி விடுங்க. பாயசம் சூடா இருக்கு, அவருக்கும் சேர்த்துச் சாப்பிடுங்க."

ஊர் மொத்தத்தின் நாக்கு நுனியிலும் ஒரே சொல் வந்து நின்றது. அதைவிடப் பொருத்தமான இடம் அந்தச் சொல்லுக்கு அதுவரை வாய்த்ததே இல்லை. அதைச் சொல்லாமல் இருப்பது தும்மலை அடக்குவது போல இருந்தது. ஓதுவார் துண்டின் நுனியை வாயில் திணித்துக்கொண்டார். பின்வரிசையில் இருவர் ஒருவர் வாயை ஒருவர் பொத்திக்கொண்டார்கள். மூச்சடக்கும் போட்டிக்காரர் மூச்சை அடக்கிக்கொண்டார், அவருக்கு மட்டும் சிரமமில்லை. ஜெபராணி, அலுவலர் என்பதையும் மறந்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சாமி கும்பிட்டார். தனக்காக ஓர் ஊரே வாயை மூடிக்கொண்டு தவிப்பதைக் கனகசபை பார்த்தார். அவருக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. பாவம் அந்த வேலூர் அம்மாள் என்றும் இருந்தது. சம்பந்தி மேல் கோபமும் வந்தது. மூன்றும் சேர்ந்து வந்ததில் வாய் தன்பாட்டுக்குத் திறந்துகொண்டது.

"அட என்னங்க இது," என்றார் கனகசபை, "துக்கப்பட்டவங்ககிட்ட போய் இவ்வளவு கனகசபையா பேசுறாங்க."

கமலவேணி தலையில் அடித்துக்கொண்டாள். "என்னங்க, உங்க வாயை எங்க கொண்டுபோய் வைக்கிறது," என்றாள். அதற்கப்புறம் கூடம் வெடித்தது. பகல் முழுக்க அடக்கிவைத்த சிரிப்பு அது. ஓதுவார் வாயிலிருந்து துண்டைப் பிடுங்கிவிட்டுச் சிரித்தார். மணமேடையில் யாழரசி எழிலனின் தோளில் சாய்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். மாலை மணி அப்போதுதான் அடித்தது. அது வேறு எல்லோரையும் இன்னொரு தடவை சிரிக்க வைத்தது.

ஜெபராணி மேடைக்கு வந்து மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னார். "சொல்லு திரும்ப வந்துருச்சுங்க. விதிப்படி இனி நிரந்தரம். வேற யாராவது சொல்லியிருந்தா உங்க தரப்பில நான் வாதாடியிருப்பேன்."

கனகசபை தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். எதிரில் யாரோ வந்து நின்றார்கள். நிமிர்ந்து பார்த்தார். மரகதவல்லி. திட்டப்போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டார்.

"சம்பந்தி," என்றாள் அவள். "உங்க காலைத் தொட்டுக் கும்பிடணும் நான்."

"எதுக்குங்க?"

"நான் உளறினதுக்கு ஊர் ஒரு சொல்லைத் தேடுச்சு. உங்க பேரு இல்லைன்னா யார் பேரு நின்னிருக்கும்? சொல்லுங்க. நாளைக்குக் காலையில குழாய் எல்லாம் மரகதவல்லியா இருந்திருக்கும்." சொல்லும்போதே அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. "இந்தச் சொல்லை எடுக்கணும்னு இனிமே எவனாவது வாரியத்துப் படி ஏறட்டும், நான் பார்த்துக்கறேன். அடுத்த விசேஷத்துப் பத்திரிகையில உங்க பேரைப் பெரிய எழுத்துல போடறோம்."

அதே மரகதவல்லிதான். கனகசபைக்குச் சிரிப்பதா அழுவதா என்று விளங்கவில்லை. கண்ணுச்சாமி ஒரு முறுக்கை நீட்டினார். வாங்கிக்கொண்டார்.

கூட்டம் கலைந்தபின் இந்திராணி அம்மாள் அவரைத் தேடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். என்ன சிரிப்பு, என்ன சொல் என்று அவருக்கு ஒன்றும் புரிந்திருக்கவில்லை. யாழரசி உட்கார்ந்து முழுக் கதையையும் விளக்கினாள், துக்க வீட்டில் நடந்ததிலிருந்து.

கேட்டு முடித்ததும் இந்திராணி அம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு மனுஷன் எப்பவோ வாய் தவறிச் சொன்ன ஒரு வார்த்தைக்கு, பேரையே இப்படிப் பண்ணுவாங்களா? எங்க ஊர்ல இதெல்லாம் கிடையாது. எங்க தெருவுல கலப்படம் கோதண்டம்னு ஒருத்தர், அவர்தான் எங்க எல்லாருக்கும் பால் ஊத்துவார். அவரைக் கேட்டுப் பாருங்க, யாராவது பேரைக் கெடுத்திருக்கமான்னு." அப்புறம் குரல் தணிந்தது. "அதுலயும் நீங்க சொன்னதுல என்ன தப்பு இருக்கு? எங்க வீட்டுக்காரர் போனப்ப வீடு கொள்ளாத கூட்டம். அத்தனை பேரும் மாலையைப் போட்டுட்டு ஒரு வார்த்தை சொல்லாம எந்திரிச்சுப் போனாங்க. திரும்பிப் பார்த்தா வீடு காலி. போயிட்டு வரேம்மான்னு ஒருத்தர், ஒரே ஒருத்தர் சொல்லியிருந்தா, நமக்கும் யாரோ வருவாங்கன்னு இருந்திருக்கும். உங்களை மாதிரி ஒரு ஆள் அன்னைக்கு அங்க இல்லையேன்னு இருக்கு."

இத்தனை வருஷத்தில் யாரும் கனகசபையிடம் இப்படிச் சொன்னதில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. வருஷக்கணக்கில் பூட்டிவைத்திருந்த வாய் அந்த அம்மாளின் அன்பில் திறந்துகொண்டது. கையெடுத்துக் கும்பிட்டார்.

"எனக்குத் தெரியாமப் போச்சும்மா," என்றார் உருக்கமாக. "மனசுல வெச்சுக்காதீங்க. உங்க வீட்ல அடுத்த துக்கத்துக்குக் கண்டிப்பா வந்துடறேன்."

யாழரசி மெல்லக் கண்ணை மூடிக்கொண்டாள். இந்திராணி அம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். உட்செவி இல்லாமலே அந்தச் சொல்லின் அர்த்தம் அவருக்கு முழுசாக இறங்கிவிட்டது.